செத்த துரையைக் கேலி பண்ண யாருக்கப்பா பயம்?

ஏப்பா பேராண்டி, பழைய காலத்து அரசியல் கேலிப்படங்களைக் கையால வரைஞ்சு, சட்டம் போட்டு, போடிமெட்டுக்கு மேல வரிசையா முளைச்சிருக்கிற ஹோம்ஸ்டேக்காரங்களுக்கு விக்கப் போறியாமே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நல்ல யோசனைதான். ஃபிளெக்ஸ் வந்து உங்கப்பன் கையில இருந்த பிரஷ்ஷைப் புடுங்கின பெறகு நம்ம தெருவுல எனாமல் வாசமே இல்லை. சுவத்துல கட்சிச் சின்னம் எழுதிப் பொழைச்ச குடும்பம் உங்களுது. உதயசூரியனையும் ரெட்டை எலையையும் ஒரே பிரஷ்ல, நடுவுல மண்ணெண்ணெயில ஒரு முக்கு முக்கிட்டு, எதிரெதிர்ச் சுவத்துல எழுதினவன் உன் தாத்தன். அம்புட்டு நடுநிலைமை இன்னைக்கு எந்தப் பத்திரிகைக்காரனுக்கு இருக்கு?

இந்தக் கிழவனுக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்னு உதட்டைப் பிதுக்காத. ஏலக்கா ஸ்டோருல ராத்திரி அடுப்புக்கு விறகு தள்ளிக் கிடந்தவன் நான். சூடு ஏறினா காய் கருகும், எறங்கினா வெளுக்கும். கண்ணசர முடியாது, படிக்கத்தான் முடியும். எஸ்டேட்டு ரைட்டரு எடைக்குப் போடக் கட்டி வச்ச புத்தகம், பத்திரிகை எல்லாம் என் கண்ணுல ஒருக்கா பட்ட பெறகுதான் மலையை விட்டு எறங்கும். அதனால சொல்றேன், கேட்டுக்க. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

முதல்ல எந்தப் படத்தை எடுத்திருக்க? ஜேம்ஸ் கில்ரே போட்ட புட்டிங் படமாம். 1805-ல வந்தது. இங்கிலாந்துப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் மேசையில எதிரெதிரா உக்காந்து, உலக உருண்டையைக் கத்தி வச்சு அறுத்துத் தட்டுல போட்டுக்கிறாங்க. நல்ல படம்தான். ஆனா உலகத்துல கேலிப்படம்னு பேச்செடுக்கிற அம்புட்டுப் பேரும் அதைத்தான் எடுப்பான். அதையே நீயும் வரைஞ்சு மாட்டினா, வந்து தங்குறவன் "இது எங்க டாக்டர் ரூம்லயும் இருக்கே"ன்னுட்டுப் பல்லு விளக்கப் போயிருவான். லண்டனுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னால நீ திண்டுக்கல்லு பஸ் ஏறியிருக்கணும்டா.

எப்படின்னா கேளு. இதே கில்ரே 1791 டிசம்பர்ல இன்னொரு படம் போட்டான். அந்த வருசம் மே மாசம் கார்ன்வாலிஸ் பெரும்படையோட ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரைக்கும் போயி, மழை பிடிச்சுக்கிட்டு, வண்டி மாடெல்லாம் செத்து, தின்னச் சோறில்லாம, இழுத்துட்டுப் போன பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பி வந்தான். அந்தச் சேதி லண்டனுக்குப் போனதும் கில்ரேக்குக் கை அரிச்சிருச்சு. படத்துல கார்ன்வாலிஸ் துரை கழுதை மேல ஏறி ஓடுறாரு. கோட்டை மதில் மேல திப்பு சுல்தான் நின்னுக்கிட்டு, நம்ம பயலுக சாராயத்தைக் குடிச்சுட்டுச் சந்து ஓரத்துல செய்யிற காரியத்தை, மேல இருந்து துரை படை மேலேயே செய்யிறாரு. பருவமழை எறங்குதுன்னு அதுக்குத் தலைப்பு! போட்டவன் யாரு? இங்கிலீஸ்காரன். கேலி பண்ணது யாரை? தன் நாட்டுத் தளபதியை. வித்தது எங்க? அவன் ஊர்லயேதான்.

திண்டுக்கல்லு ஏன் வந்துச்சுங்கிறயா? கார்ன்வாலிஸ் மறு வருசமே திரும்பப் போயி ஜெயிச்சுட்டான். 1792 மார்ச்சுல உடன்படிக்கை. திப்புவோட ராஜ்ஜியத்துல பாதி போச்சு, 3 கோடியே 30 லட்ச ரூபாய் தெண்டம், ரெண்டு மகனுக பிணை. போன பாதியில திண்டுக்கல் சீமையும் ஒண்ணு. நம்ம போடி பாளையமும் அந்தச் சீமைக்குள்ளதான் கிடந்துச்சு. திப்புவோட அப்பன் ஹைதர் அலி 1755-ல திண்டுக்கல் கோட்டைக்குப் பவுஜ்தாரா வந்துதான் மேல ஏறினான்ங்கிறதும் உனக்குத் தெரியாது, ரீல்ஸ்ல வந்திருக்காது. ஆக, அந்த மதில் மேல இருந்து பெஞ்ச பருவமழைக்கு நம்ம ஊரும் ஒரு சாட்சி. அந்தப் படத்தை வரைஞ்சு மாட்டினா "இதுக்கும் உங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்"னு கேக்கிறவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். கதையோட வித்தா எரநூறு சேர்த்து வாங்கலாம்.

நகல் நகல்னு நீ கூச்சப்படுறதா உங்கம்மா சொன்னா. அட கூறுகெட்டவனே, அங்க அசல்னு ஒண்ணு எங்க இருந்துச்சு? கில்ரே செம்புத் தகட்டுல கீறி, அமிலத்துல அரிக்க விட்டு, மை தடவித் தாள்ல ஒத்தி எடுப்பான். வர்றது கறுப்புக் கோடு மட்டும்தான். பெறகு ஆளுக உக்காந்து ஒவ்வொரு தாளுக்கும் தண்ணி வர்ணத்தைக் கையால தீட்டுவாங்க. ஒருத்தி கையில துரை சட்டை ரத்தச் செவப்பு, பக்கத்துல உக்காந்தவ கையில செங்கல் செவப்பு. எல்லாமே அசல், எல்லாமே கைவர்ண நகல். ஹன்னா ஹம்ஃப்ரின்னு ஒரு பொம்பளை கடை வச்சு வித்தா. வர்ணம் இல்லாததுக்கு ஒரு வெலை, வர்ணம் போட்டதுக்குக் கூடுதல் வெலை. கில்ரே குடியிருந்ததே அந்தம்மா கடை மாடியிலதான். ஜன்னல்ல புதுப் படம் தொங்குச்சுன்னா தெருவே கூடிருமாம். வாங்குறவன் உள்ள போவான், வாங்க வக்கில்லாதவன் வெளிய நின்னு சிரிச்சிட்டுப் போவான். நீயும் ரெண்டு வெலை வை. வர்ணமில்லாததை ஜன்னல்ல தொங்க விடு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கையால கேலிப்படத்தைத் திரும்ப எழுதுற தொழிலுக்கு நம்ம பக்கத்துல ஒரு பெரிய கோயில் இருக்கு. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகை. கேமராவையும் பொண்டாட்டியையும் கூட்டிட்டு மைசூர் போனியே, பார்த்தியா? பார்த்திருக்க மாட்ட. பிருந்தாவனத்துல தண்ணி ஆடுறதைப் பார்த்திருப்ப.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூர். கர்னல் பெய்லி கூட்டிட்டு வந்த கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் மடக்கிட்டாங்க. வெடிமருந்து வண்டி வெடிச்சுச் சிதறிருச்சு. உதவிக்கு வர வேண்டிய மன்றோ பக்கத்துலயே இருந்தும் வந்து சேரலை, பெறகு மெட்ராசுக்குத் திரும்பிட்டான். பெய்லி பிடிபட்டு, செறையிலயே 1782-ல செத்தான். சண்டை முடிஞ்சு நாலு வருசம் கழிச்சுக் கட்டின மாளிகைச் சுவத்துல திப்பு அந்தச் சண்டையை எழுத வச்சான். சும்மா ஜெயிச்ச கதையா எழுதலடா, குத்திக் குத்தி எழுத வச்சிருக்கான். சண்டை நடுவுல திப்பு ரோசாப்பூவை மோந்துக்கிட்டு வர்றான், தோட்டத்துக்கு உலாத்தப் போறவன் கணக்கா. பெய்லி பல்லக்குல உக்காந்து விரலைக் கடிச்சுக்கிட்டு இருக்கான். நிஜாம் படை வர்ற எடத்துல ஒரு பன்னியும் ஒரு பசுவும். பன்னியா வந்து பசுவா ஓடினான்னு அர்த்தம் சொல்லுவாங்க. அந்தப் பட்டணத்துப் பெரிய தெருக்கள்ல வீட்டுச் சுவத்துல எல்லாம் வெள்ளைக்காரனைப் புலி கவ்வுற மாதிரி எழுதி வச்சிருந்ததைச் சண்டைக்கு வந்த வெள்ளைக்காரனுகளே பார்த்துட்டுக் குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. சுவர் விளம்பரத்துக்கு அப்பவே அந்த ஊர்ல நல்ல கிராக்கி.

1799-ல திப்பு போயிட்டான். ஆர்தர் வெல்லெஸ்லி அந்த மாளிகையிலயே குடியேறினான். பின்னால வாட்டர்லூவுல நெப்போலியனை மடக்கினானே, அவனேதான். முற்றுகைக்கு முன்னாடியே சுவத்துப் படத்தைச் சிதைச்சு வச்சிருந்தாங்க. சோத்துக்கு உக்கார்ற வீட்டுச் சுவத்துல தன் சாதிக்காரன் விரலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அதுவும் பாதி அழிஞ்சு கிடக்கு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? மிச்சத்துக்கும் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சிருப்ப. அவன் என்ன பண்ணான் தெரியுமா? ஆளைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னான். அதுவும் பெறகு சுண்ணாம்பு ஏறி மங்கிப் போச்சு. அடுத்து வந்தான் டல்ஹௌசி. ஜான்சி, நாக்பூர்னு ஒவ்வொரு சமஸ்தானமா முழுங்கிக்கிட்டிருந்த பெரிய துரை. பழைய படத்தை ஞாபகம் வச்சிருந்த நம்ம நாட்டு ஓவியன் ஒருத்தனைப் பிடிச்சு, திரும்பவும் எழுதுடான்னான்.

நெனைச்சுப் பாரு. தங்களை நாறடிச்ச படத்துக்கு ரெண்டு தடவை கூலி குடுத்து, ரெண்டு தடவையும் கவர்னர் மாளிகைக்கு வெள்ளையடிக்கிற மாதிரி பயபக்தியா எழுத வச்சிருக்கானுக. ஏன்? ஜெயிச்சாச்சு. இனிமே அந்தப் படம் கடிக்காது. கடிக்காத பாம்பைத்தான் கண்ணாடிப் பெட்டியில வச்சுச் சோறு போடுவாங்க. அதே சண்டையைத் தாள்ல தீட்டின ஒரு படம், 30 அடிக்கு மேல நீளம், 2022-ல லண்டன் சோத்பீஸ்ல 6,30,000 பவுனுக்குப் போச்சு. நம்ம பணத்துக்கு ஆறு கோடிக்கு மேல. தோத்தவன் பேரன் வாங்குறதுக்கு ஏலம் விட்டது ஜெயிச்சவன் ஊர்ல, யாரு எந்தப் பக்கம்னு எனக்கே குழப்பமாயிருச்சு. அதனால உனக்கு நான் சொல்ற தொழில் ரகசியம் இதுதான்: கேலிப்பட நகலுக்குக் காசு குடுக்கிறவன் கேலி பண்ணினவன் இல்லை, கேலிக்கு ஆளாகி, பெறகு ஜெயிச்சு உக்காந்தவன். ஹோம்ஸ்டேக்கு வர்ற ஆளுக கிட்ட துரையை எம்புட்டு வேணாலும் திட்டு. துரை பேரனே கைதட்டி வாங்குவான்.

டல்ஹௌசி பிடிச்ச அந்த ஓவியனைத்தான் நீ தொழில் தெய்வமாக் கும்பிடணும். கட்டம் போட்டு எடுக்க முன்னால படமும் இல்லை, போட்டோவும் இல்லை. ஞாபகத்துல இருந்து எழுதியிருக்கான். கூலி குடுக்கிறவன் வெள்ளைக்காரன், முதுகுக்குப் பின்னால நிக்கிறவன் வெள்ளைக்காரன். அந்த நேரத்துல, "துரை விரலை வாயில வச்சிருந்தாரா, மடியில வச்சிருந்தாரா, சரியா நெனப்பு இல்லீங்களே"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விரல் கீழ எறங்கியிருக்கும். எறக்கல. நீ போயிப் பாக்கிறப்போ விரல் இன்னும் வாயிலதான் இருக்கு.

இந்த எடத்துலதான் உன் மேல எனக்குச் சந்தேகம். நேத்து உன் பட்டறையில எட்டிப் பார்த்தேன். கில்ரே போட்ட பிட்டு துரை ஒட்டடைக் கம்பு மாதிரி, மூக்கு ஈட்டி மாதிரி இருப்பான். நீ வரைஞ்சதுல கல்யாண மாப்பிள்ளை கணக்கா கன்னம் மினுங்குது. நெப்போலியன் எம்.ஜி.ஆர். மாதிரி இருக்கான். பேனர் எழுதுற ரத்தம்டா உனக்கு, எவனைப் பார்த்தாலும் அழகாக்கிப்புடுற. வெளுத்த ஏலக்காயைப் பச்சைச் சாயத்துல முக்கி எடுத்துச் சந்தைக்கு அனுப்புறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? கண்ணுக்கு ஜோரா இருக்கும், பாயாசத்துல போட்டா சாயம் எறங்கும், மணம் எறங்காது. கேலிப்படத்துல மணம் இருக்கிறதே அந்த அசிங்கமான ஒரு இணுக்குலதான். விரல், மூக்கு, கழுதை, மதில் மேல இருந்து பெய்யிற மழை. நீ மத்ததையெல்லாம் தப்பாப் போட்டாலும் அதை மட்டும் தப்பாப் போடாத. நம்ம ஜமீன் அரண்மனை லட்சுமி விலாசத்துச் சுவத்துல ராமாயணம் எழுதினவன்கிட்ட அழகு கத்துக்க, வேணாங்கல. அங்க சாமிக்கு அழகு வேணும். இங்க ஆசாமிக்கு ஆகாது.

முகமே வேணாம்னா பேரிக்காய் போடு. கொடைக்கானல் பேரிக்காய்தான், சிரிக்காத. பிரான்சு தேசத்துல லூயி பிலிப்புன்னு ஒரு ராஜா, கன்னம் தொங்கிப் போன ஆளு. பிலிப்பன்னு ஒரு பத்திரிகைக்காரன், ராஜா தலை நாலு படத்துல கொஞ்சங்கொஞ்சமாப் பேரிக்காயா மாறுறதைக் கோர்ட்டுலயே, 1831-ல, வரைஞ்சு காட்டினான். பேரிக்காய் வரைஞ்சது குத்தமாய்யான்னு கேட்டான். குத்தம்னுட்டாங்க. உள்ள போட்டாங்க. ஆனா அதுக்குள்ள பாரிசுல இருந்த வாண்டுப் பயலுக எல்லாம் கரிக்கட்டையை எடுத்துக்கிட்டுச் சுவருக்குச் சுவரு பேரிக்காய் போட ஆரம்பிச்சுட்டானுக. அவங்கிட்ட வேலை செஞ்ச டோமியே ராஜாவை ஊர்க் காசை முழுங்குற பூதமா வரைஞ்சு, ஆறு மாசம் செறைக்குப் போனான். டோமியே படத்தை நகலெடுக்கக் கை வேணும், கலை வேணும். பேரிக்காய்க்கு ஒண்ணும் வேணாம். உன் கைக்கு எது சரிப்படும்னு நீயே பாத்துக்க.

நம்மாளுக படத்தை ஏன் விட்ட? பாரதி "இந்தியா" பத்திரிகையில, 1906-ல இருந்து, வாராவாரம் வெள்ளைக்காரனைப் படம் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. தமிழ்ப் பத்திரிகையில கேலிப்படத்துக்கு அவருதான் பிள்ளையார் சுழி. வேங்கடாசலபதின்னு ஒருத்தரு அம்புட்டையும் தேடிச் சேர்த்து 1994-ல புத்தகமாவே போட்டிருக்காரு, லைப்ரரியில கேளு. அதுல உனக்கு இன்னொரு பாடமும் இருக்கு. 1908-ல சர்க்காரு பாய்ஞ்சப்போ அஞ்சு வருசம் ஜெயில் யாருக்கு? பத்திரிகையில ஆசிரியர்னு பேர் பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு. எழுத்துக்குச் சொந்தக்காரரு புதுச்சேரி போயிச் சேர்ந்துட்டாரு. பாரதியைக் குத்தம் சொல்லலப்பா, அவரு உள்ள போயிருந்தா நமக்குக் குயில் ஏது, கண்ணன் ஏது. நான் சொல்றது மூலையில போடுற கையெழுத்தைப் பத்தி. படத்துக்கு அடியில உன் பேரைப் பெருசாப் போடுறதுக்கு முன்னால, போடியில இருந்து புதுச்சேரிக்கு எத்தனை மணிக்கு பஸ்னு விசாரிச்சு வை.

கிழவன் பயமுறுத்துறான்ங்கிறயா? 1987 மார்ச்சுல ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக்கு. மேடையில ரெண்டு பேரு. பிக்பாக்கெட் மாதிரி ஒருத்தர், முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி ஒருத்தர், ஒருத்தர் எம்.எல்.ஏ., ஒருத்தர் மந்திரின்னு அதுல அடையாளம் சொல்லியிருந்துச்சு. யாரு முகமும் இல்லை. பேரும் இல்லை. ஆனாலும் சட்டசபையில "இது நாங்கதான்"னு எந்திரிச்சுட்டாங்க பாரு! கண்ணாடி கூட அம்புட்டுச் சரியாக் காட்டாது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் ஜெயில். நாடே சத்தம் போட்டதுல சில நாள்லயே விட்டுட்டாங்க. பின்னால கோர்ட்டுக்குப் போயி ஆயிரம் ரூபா நஷ்டஈடும் வாங்கினாரு. 2017-ல கூட, நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே தீக்குளிச்சதை வச்சுப் படம் போட்டதுக்காக பாலாங்கிற கார்ட்டூனிஸ்டைப் பிடிச்சாங்க. அதனாலதான் சொல்றேன், நீ எடுத்திருக்கிற தொழில் ரொம்பப் பத்திரமான தொழில். கார்ன்வாலிசு கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க வர மாட்டான். லூயி பிலிப்புக்கு நம்ம வார்டுல ஓட்டு இல்லை. செத்தவனையெல்லாம் தைரியமாச் சாடு, உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போடு. விருது கூடக் குடுப்பாங்க.

என்ன, மூஞ்சியைத் தொங்கப் போடுற? எனக்கும் தெரியும்டா, உனக்கு அந்த அலமாரிக்குப் பின்னால இன்னொரு நோட்டு இருக்கு. உன் பொண்டாட்டிதான் என் மருமககிட்டச் சொன்னா. காய் வெலை விழுந்தப்போ மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணீர் விட்ட ஆளு, அன்னைக்கு ராத்திரியே யாவாரிக வீட்டு விருந்துல உக்காந்திருந்தது. எலெக்சனுக்கு எலெக்சன் மலைப்பாதையில வந்து எறங்கி, தலையில துண்டு கட்டி, ஜீப்புல நெருக்கியடிச்சுப் போற கூலிப் பொம்பளைக கூட நின்னு போட்டோ எடுத்துக்கிற ஆளுக. எல்லாம் அந்த நோட்டுல இருக்காமே. மூக்கெல்லாம் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்காமே. பேனர்க்காரன் கையே இல்லையாம் அதுல. ஒரு நாளைக்கு எனக்குக் காட்டு. சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவேன். சாட்சிக்கு மட்டும் கூப்பிடாத, எனக்குக் காது கேக்காது, கண்ணும் தெரியாது, அன்னைக்கு ஊர்லயே இல்லை.

சரி, நேரமாச்சு. துரைப் படத்துக்கு ஒரிஜினல் தண்ணி வர்ணமே வாங்கு, போஸ்டர் கலர் மலைச் சாரலுக்குப் பூத்துரும். சட்டத்துக்குப் பின்னால ஒரு அட்டை வச்சு அடி, தூசி ஏறாது. அப்பறம், வியாழக்கிழமை கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்துக்குத் தட்டி எழுத ஒத்துக்கிட்டயாமே? அந்தாளு மூக்கு நிசத்துல எப்படி இருக்குன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ரெண்டு சுத்து சின்னதாவே போடு. போன தடவைப் பாக்கியே இன்னும் வரலைன்னு உங்கம்மா சொன்னா.